எதிர்க்கட்டில் திட்டம்

கரமனை,
10 பிப்ரவரி 2025

அன்புள்ள கௌசல்யா,

நீ போனை எடுக்காததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பொன்முடி மலைமேல் ரேஞ்ச் இல்லை என்பது ஒன்று. என்னோடு பேச உனக்கு விருப்பமில்லை என்பது மற்றது. இரண்டுமே உண்மை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மருந்துப் பெட்டிகளோடு மேலே வரும் ஜீப்பில் இதைத் தர டிரைவர் சுஜின் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

நீ போன மறுவாரமே உன்னுடைய திட்டம் என் மேஜைக்கு வந்துவிட்டது. எம்.டி. நீலகண்டன் சார், "கௌசல்யா மலைமேல கிளினிக்கைப் பாத்துக்கட்டும், இங்க நீங்க பாத்துக்கோங்கோ, நோயாளர் சேவைப் பிரிவுன்னா நீங்கதானே" என்றார். நான் அந்தப் பிரிவின் தலைவி என்பது அவருக்கு நினைவு வருவது இந்த மாதிரி சமயங்களில்தான்.

மார்க்கெட்டிங் மேனேஜர் ஜெயந்த் திட்டத்தைப் பற்றி நாலு வரி கேட்டான். நான் எழுதிக் கொடுத்தது இது. பிழை இருந்தால் திருத்து, யோசனை உன்னுடையது.

"கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து போடும் விதத்தை நர்ஸ் சொல்கிறார். எல்லோரும் புரிந்தது என்கிறார்கள். வீட்டுக்குப் போய்த் தவறாகப் போடுகிறார்கள். இனி நர்ஸ் சொல்ல மாட்டார். ஒரு நோயாளி தன் மருந்தைத் தானே பிரித்துத் தன் கண்ணில் போட வேண்டும். எதிர்க்கட்டிலில் இருப்பவர் பார்த்துக் குற்றம் சொல்ல வேண்டும். பிறகு அவர் போட, இவர் குற்றம் சொல்ல வேண்டும். நர்ஸ் பக்கத்தில் நின்றால் போதும்."

ஜெயந்த் படித்துவிட்டு, "மேடம், எல்லாம் ஓகே. பட்சே இதிலே ஒரு 'வாவ்' இல்லியே" என்றான், தன் மலையாளத் தமிழில்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அந்த வாவைச் சேர்த்தார்கள். நம் ஆஸ்பத்திரியில் ஒருவருடைய யோசனையை ஆதரிப்பதென்றால் ஆளுக்கொன்றை அதில் சேர்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். சேர்க்காதவர் எதிரி. பெர்சனல் பிரிவு ஒரு சான்றிதழைச் சேர்த்தது. அக்கவுண்ட்ஸ் ஒரு ரிஜிஸ்டரைச் சேர்த்தது. எம்.டி. தம்முடைய வாழ்த்துரையைச் சேர்த்தார். ஜெயந்த் பெரிய பாட்டில் ஒன்றைச் சேர்க்கப்போகிறானாம், எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. என் முறை வந்தபோது சேர்க்க ஒன்றுமில்லை என்றேன். "என்ன ஜெயலக்ஷ்மி, ஒங்களுக்கு மாத்திரம் இது பிடிக்கலையோ?" என்றார் எம்.டி.

ஜனவரிக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்விகளுக்காக உனக்குக் கோபம் என்றால் அது உன் உரிமை. கேள்விகளை நான் திரும்பப் பெறவில்லை.

ஜெயலக்ஷ்மி

*

பொன்முடி,
18 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய மேடம்,

உங்கள் நாலு வரியில் பிழை இல்லை. உங்கள் எழுத்தில் எப்போதும் பிழை இருக்காது.

ரேஞ்ச் இல்லாதது உண்மை. தேயிலை ஃபாக்டரி வளைவில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால் கொஞ்சம் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தை என் மகள் ஷிஜாவுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவள் அப்பா மகாராஜாவுக்குத் தம்பானூர் ஹோட்டலில் மாலை ஷிப்ட். பள்ளிவிட்டு வந்து அவளே கதவைத் திறந்து, அவளே சாப்பிட்டு, அவளே படிக்கிறாள். ஏழாம் வகுப்பு. "ஒன்னும் குழப்பமில்லம்மா" என்கிறாள். குழப்பமில்லை என்று அவள் சொல்லும் குரலே எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

ஜனவரிக் கூட்டத்தைப் பற்றி நானும் எழுதிவிடுகிறேன். ஒரு வருடம் வார்டில் உட்கார்ந்து யோசித்து நான் சொன்ன யோசனைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஒருத்தர் தப்பாச் சொல்லிக்கொடுத்தா, ரெண்டு பேரும் தப்பாப் போட மாட்டாளோ?" என்று கேட்டீர்கள். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. உடனே எம்.டி. சார், "அப்படின்னா முதல்ல சின்ன எடத்துல செஞ்சு பாக்கலாம். யார் சொன்னாளோ அவாளே செய்யட்டும்" என்று சொல்லி என்னை இங்கே அனுப்பினார். நம் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தவர் தலையில்தான் எதுவும் விழும். அதற்குப் பயந்துதான் என்னைப் போல நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் மற்ற கவுன்சலர்கள் யாரும் எதுவும் சொல்வதில்லை. நான் சொன்னேன். விழுந்தது. தள்ளிவிட்டது நீங்கள்.

மூன்று மாதம் என்றார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நான் இறங்கியாக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இங்கே காற்று விடாமல் அடிக்கிறது. நகரத்தில் ஆபரேஷன் முடிந்து, தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குத் திரும்புகிறவர்களை நான்தான் பார்க்கிறேன். ஜனவரியில் வார்டில் நானும் எலிசாள் சிஸ்டரும் பழக்கி அனுப்பியவர்கள் எல்லோரும் நன்றாகப் போடுகிறார்கள். பக்கத்து லயத்துக்காரர்களையும் குற்றம் சொல்லக் கிளம்பிவிட்டார்கள்.

பஞ்சு தீர்ந்துவிட்டது. அனுப்பச் சொல்லுங்கள்.

கௌசல்யா

*

கரமனை,
24 பிப்ரவரி 2025

அன்புள்ள கௌசல்யா,

பஞ்சு அனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதிய ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது உன் முதல் திட்டத்தில் இல்லை. என் கேள்விக்குப் பிறகு, மறுநாள் காலை நீதான் அதைச் சேர்த்தாய். கைதட்டியவர்கள் யாராலும் நீ எதையும் சேர்க்கவில்லை. உன்னை மலைக்கு அனுப்பியது என் கேள்வி அல்ல, எம்.டி.யின் பழக்கம். இதற்குமேல் இதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

நோயாளிகள் ஒருவரையொருவர் குற்றம் சொல்வது நம் ஆஸ்பத்திரியின் பெயருக்கு நல்லதல்ல என்று முடிவாகியிருக்கிறது. அதனால் எதிர்க்கட்டில்காரர் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஜெயந்த் எழுதி, மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சடித்திருக்கிறான். இருபக்கத் தாள். பின்பக்கம் எம்.டி.யின் வாழ்த்துரை. எதிர்க்கட்டில்காரர் அதை உரக்க வாசிக்க வேண்டும். கேட்பவர் அதன்படி செய்ய வேண்டும்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். யார் வாசிப்பது?

"எதிர்க்கட்டில் பேஷண்ட் மேடம்" என்றான்.

"அவருக்கு நேற்றுத்தான் கண்ணில் ஆபரேஷன்."

"மற்றே கண்ணு உண்டல்லோ."

"அதிலும் புரை. அதனால்தான் இங்கே வந்திருக்கிறார்."

கண் ஆஸ்பத்திரியில், கண் தெரியாதவர்களிடம், கடுகு அளவு எழுத்தில் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். இதை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். இரண்டு பேர் டாக்டர்கள். ஒருவர், "எழுத்தை வேணும்னா கொஞ்சம் பெரிசாக்கலாம்" என்றார்.

பெரிய பாட்டில் வந்துவிட்டது. தெர்மாகோலில் செய்தது, ஷிஜா உயரம் இருக்கும். நோயாளிகள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்க வேண்டும். நிஜப் பாட்டில்களைப் பிரித்தால் மருந்து வீணாகிறது என்று அக்கவுண்ட்ஸ் சொன்னதால், இப்போது அந்த தெர்மாகோல் பாட்டிலைக் காட்டித்தான் பயிற்சி. எலிசாள் சிஸ்டர் என்னிடம் வந்து, "எம்மா, நான் சொட்டு மருந்து போடச் சொல்லிக் குடுக்கணுமா, இல்ல அந்தத் தடியனைத் தூக்கிட்டு நிக்கணுமா? ஒரு வேலையச் சொல்லுங்க, செய்யுதேன்" என்றார்.

ஷிஜாவைப் பார்த்தேன். பள்ளிவிட்டு இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். பின்னங்களில் தகராறு.

ஜெயலக்ஷ்மி

*

பொன்முடி,
4 மார்ச் 2025

மேடம்,

ஷிஜாவுக்கு டியூஷன் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அவள் போனில், "ஜெயா மாமி வீட்டுல அடை கிட்டும்மா" என்று சந்தோஷமாகச் சொன்னதால் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இதை அவசரமாக எழுதுகிறேன். சுஜின் ஜீப்பை அணைக்காமல் நிற்கிறான். இதோடு ஒருவரையும் அனுப்புகிறேன். பெயர் திரவியம், ஃபாக்டரியில் வேலை, வலது கண்ணில் போன வாரம் ஆபரேஷன். இன்று காலை கண் சிவந்து, நீர் வடிய வந்தார். மருந்து போடுகிறீர்களா என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஜெயந்த்தின் தாள் முழுவதையும் ஒப்பித்தார். வார்டில் யாரோ ஒருவரின் பேரன் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். எம்.டி.யின் வாழ்த்துரையையும் சேர்த்து ஒப்பித்தார்.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். நிறைய இருந்தது. மூடியை இறுக்கித் திருகி, உள்ளே இருக்கும் முள்ளால் நுனியைக் குத்தினால்தான் அதில் துளை விழும் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. தாளில் இல்லை. தெர்மாகோல் பாட்டிலில் முள்ளும் இல்லை, மூடியும் இல்லை. துளையே விழாத பாட்டிலை இத்தனை நாளும் கண்ணுக்கு மேலே பிடித்து அமுக்கியிருக்கிறார்.

"சொட்டு விழலையேன்னு ஒங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டேன்.

"தோணிச்சு தாயி. பெரிய ஆஸ்பத்திரி மருந்தாச்சே, ஆவி மாதிரி எறங்கும் போலன்னு இருந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க்கட்டிலில் ஒரு மனிதர் நிஜமான பாட்டிலைப் பார்த்திருந்தால், "ஓய், மருந்து எங்கய்யா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். நான் சொன்ன யோசனை மொத்தமும் அந்த ஒரு வார்த்தைதான். அதைத்தான் எடுத்துவிட்டார்கள்.

இவருடைய கண் போனால் அது என் பெயரில் நடக்கும் திட்டத்தில் போன கண்.

கௌசல்யா

*

கரமனை,
10 மார்ச் 2025

அன்புள்ள கௌசல்யா,

முதலில் திரவியம். கண் தப்பியது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வார்டிலேயே வைத்திருக்கிறோம். எலிசாள் சிஸ்டர் எதிர்க்கட்டிலில் பிச்சைக்கனி என்ற கொத்தனாரைப் போட்டிருக்கிறார். அவர் யாரையும் விடுவதில்லை. தாளை வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று நான் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறேன். அதிகாரம் இருக்கிறதா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.

துளை விழாத பாட்டிலை எடுத்துக்கொண்டு எம்.டி.யிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, "மூடியைத் திருகணும்னு தாள்ல ஒரு வரி சேத்துடலாமே" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். அங்கே இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் இத்தனை வருடம் சொல்லாததை எல்லாம் சொல்லியிருப்பேன்.

இப்போது உன்னைக் கேட்க வேண்டிய விஷயம். 26ஆம் தேதி மறு ஆய்வுக் கூட்டம். திட்டம் எப்படி நடக்கிறது என்று நான் அறிக்கை தர வேண்டும். வெற்றி என்று எழுதினால், தாள், பாட்டில், சான்றிதழ் சகிதம் எல்லாக் கிளைகளுக்கும் போகும். அதை நடத்த நகரத்தில் ஒரு ஒருங்கிணைப்பாளர் பதவி உருவாகும். யோசனை சொன்னவள் என்பதால் அது உனக்குத்தான் என்று எம்.டி. என்னிடமே சொன்னார். மே மாதமே நீ இறங்கிவிடலாம்.

நான் பார்ப்பதை எழுதினால் அந்தப் பதவி வராது. நீ எப்போது இறங்குவாய் என்பதும் தெரியாது.

பதவிக்கு வந்த பிறகு நீயே உள்ளிருந்து தாளை ஒழித்துவிடலாம் என்று ஒரு வழி இருப்பதாகத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அச்சடித்ததை நம் ஆஸ்பத்திரியில் யாரும் ஒழித்ததில்லை. ஆனால் ஷிஜா உன் மகள். நான் தீர்மானிக்கக் கூடாது. எது வேண்டும் என்று எழுது. அதன்படி செய்கிறேன்.

ஜெயலக்ஷ்மி

*

பொன்முடி,
18 மார்ச் 2025

மேடம்,

நல்ல ஆள் நீங்கள். "டீயா, காப்பியா?" என்று கேட்பது போலக் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு வாரம் இதைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பாறைமேல் ஏறி மகாராஜாவிடம் கேட்டேன். "வந்திரு புள்ள. கண்ணு அவங்களுக்குப் போவுது, பொழப்பு நமக்குல்லா போவுது" என்றார். சொல்லிவிட்டு, "அந்தத் திரவியத்துக்குக் கண்ணு தெரியுதாமா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். ஷிஜாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் குழப்பமில்லை என்று சொல்லிவிடுவாள்.

உங்களிடம் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. இடமாற்றத்தால் வந்ததல்ல, அதற்கு முந்தையது. அன்று அந்த அறையில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். அவர்கள் எல்லாவற்றையும்தான் நல்ல யோசனை என்பார்கள், கான்டீனில் கேசரி போட்டாலும் சொல்வார்கள். நான் பேசும்போது பார்த்தது உங்கள் முகத்தை. நீங்கள் மூன்று கேள்வி கேட்டீர்கள். இந்த ஒரு மாதமாகக் கடிதம் எழுதுகிறீர்கள், பஞ்சு அனுப்புகிறீர்கள், என் மகளுக்கு அடை போடுகிறீர்கள். அந்த யோசனை நல்லதா, இல்லையா என்று ஒரு வரி எழுதவில்லை. அது தெரியாமல் எதை நம்பி நான் தீர்மானிப்பது?

இருந்தாலும் தீர்மானித்துவிட்டேன். பார்ப்பதை எழுதுங்கள். தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வேலைக்காக நான் இறங்க வேண்டாம். திரவியம் மாதிரி இன்னொருவர் வந்து என் முன்னால் நின்று ஒப்பித்தால் என்னால் தாங்க முடியாது.

ஆனால் உங்கள் அறிக்கையை அவர்கள் படிக்க மாட்டார்கள். படித்தாலும் அதில் எதையாவது சேர்ப்பார்கள். 26ஆம் தேதி நானும் வருகிறேன். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்ப வேண்டும். கூட்டத்தில் எனக்கு முதலில் பேச இடம் வாங்கி வையுங்கள். பிரிக்காத சொட்டு மருந்து ஒன்று வேண்டும், கண் உலர்ந்தால் போடும் சாதாரண மருந்து போதும்.

கௌசல்யா

*

கரமனை,
31 மார்ச் 2025

அன்புள்ள கௌசல்யா,

உன் கேள்விக்கு முதலில் பதில். நல்லது.

நம் ஆபீஸில் ஒன்றை நல்லது என்று சொன்ன பிறகு யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. அதனால் நான் அந்தச் சொல்லை எளிதில் வெளியே எடுப்பதில்லை. உன் யோசனை எனக்குச் சாதாரணமாகப் பட்டிருந்தால் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருப்பேன். இதை நேரில் சொல்ல நினைத்தேன். அன்று முடியவில்லை.

நீ பஸ்ஸுக்கு ஓடிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன், நீ நின்ற இடத்திலிருந்து உனக்குத் தெரியாமல் போனது. நீ இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு எம்.டி.யையும் ஜெயந்த்தையும் உட்காரச் சொன்னபோது, அக்கவுண்ட்ஸ் மேனேஜர் கைதட்டத் தயாராகிவிட்டார். நீ எம்.டி.யின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தாளைக் கையில் கொடுத்து, "வாசிங்க சார்" என்றாய். அவர் தாளைக் கிட்டத்தில் கொண்டுபோனார், தூரத்தில் கொண்டுபோனார். "என்ன இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே" என்றார். பின்வரிசையில் இருமியது எலிசாள் சிஸ்டர். அது இருமல் அல்ல.

ஜெயந்த் முகத்தை நிமிர்த்திப் பாட்டிலை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினான். "சார், இது வரல்லியே" என்றான். "மூடியத் தெறந்தியோடா?" என்றார் எம்.டி. "தெறந்நு சார், பட்சே வரல்லா." தாளைக் கீழே போட்டுவிட்டு எம்.டி. எழுந்து, பாட்டிலை வாங்கித் தடவிப் பார்த்தார். "ஓட்டையே இல்லியே இதுல. யார் இவனுக்கு இதைக் குடுத்தது?" என்று கேட்டார். நீ, "திரவியத்துக்கு நாமதான் சார் குடுத்தோம்" என்றாய்.

எல்லாம் சரியாகப் போனது. நீ போன பிறகு என்ன ஆயிற்று தெரியுமா?

எம்.டி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பிரமாதம். இந்த டெமோவையே ஒரு டிரெய்னிங்கா எல்லாக் கிளை மேனேஜருக்கும் நடத்தலாம். நல்ல பேரா வைக்கணும்" என்றார். கைதட்டினார்கள். ஜெயந்த்துக்கு உடனே ஒரு பெயர் தோன்றிவிட்டது. பெர்சனல் பிரிவு, டிரெய்னிங் முடிப்பவர்களுக்குச் சான்றிதழ் தரலாம் என்றது.

நான் எழுந்து நின்றேன். கூட்டங்களில் நான் எழுந்து நிற்பதில்லை. "பேர் வைக்க வேண்டாம் சார். பேர் வைக்காம விட்டா ஒருவேளை பிழைக்கும்" என்றேன். பிறகு என் அறிக்கையைக் கையில் கொடுக்காமல் நானே வாசித்தேன். தாள் வேண்டாம். பெரிய பாட்டில் வேண்டாம். நிஜ மருந்தைப் பிரிக்க வேண்டும். வார்டில் எலிசாள் சிஸ்டர் ஜனவரியில் செய்தது போலச் செய்யட்டும். வேறு எதுவும் யாரும் சேர்க்கக் கூடாது.

"ஏன் இப்படிக் கோபப்படறேள்?" என்றார். கோபம் இல்லை என்றேன். பொய்.

கடைசியில் ஒப்புக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல, எல்லோரையும் சந்தோஷமாக வைக்க நினைப்பவர், அதுதான் தொல்லை. தாள்கள் ஸ்டோருக்குப் போய்விட்டன. வார்டில் இப்போது ஒரே சண்டையும் சிரிப்புமாக இருக்கிறது. போன வாரம் வீட்டுக்குப் போன எல்லோரும் பாட்டிலைத் தாங்களே குத்தித் திறந்தார்கள்.

திட்டம் இல்லாததால் பதவியும் இல்லை. அது நமக்குத் தெரிந்ததுதான்.

ஜெயலக்ஷ்மி

*

பொன்முடி,
8 ஏப்ரல் 2025

சேச்சி,

முதல் வரியை நிறைய தடவை படித்தேன்.

இன்று சுஜின் மருந்தோடு ஒரு உத்தரவையும் கொண்டுவந்தான். பொன்முடியில் என் சேவை மிகச் சிறப்பாக இருப்பதால் மறு உத்தரவு வரும்வரை இங்கேயே தொடர வேண்டுமாம். பாராட்டு முதல் பத்தியில், தண்டனை இரண்டாம் பத்தியில். மோசமாகச் செய்திருந்தால் இறக்கியிருப்பார்கள்.

யாரோடும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மே கடைசிவரை பார்ப்பேன். அதற்குள் வழி பிறக்காவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன். ஷிஜா நேற்று போனில் ஒன்றும் சொல்லவில்லை. குழப்பமில்லை என்றுகூடச் சொல்லவில்லை. காற்றுச் சத்தத்தில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

எலிசாள் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அந்த வார்டை விட்டுவிட வேண்டாம் என்று.

கௌசல்யா

*

கரமனை,
15 ஏப்ரல் 2025

அன்புள்ள கௌசல்யா,

ராஜினாமா செய்யாதே. நீ போனால், யோசனை சொன்னவள் மலைக்குப் போனாள், பிறகு வீட்டுக்குப் போனாள் என்று ஆகும். அதற்குப் பிறகு இந்த ஆஸ்பத்திரியில் ஐம்பது வருடத்துக்கு ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நேற்று விஷு. எம்.டி. வீட்டுக்குப் போனேன். பண்டிகை நாளில் அவரால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. மலை கிளினிக்குக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதுதானே பிரச்சினை, ஜூன் முதல் ஒரு வருடம் நான் போகிறேன் என்றேன்.

"பொன்முடிக்கா? நீங்களா? அங்க ஒரு கான்டீன்கூடக் கெடையாதே."

"எனக்குச் சமைக்கத் தெரியும்."

"என்மேல கோபத்துலதானே இதைச் செய்யறேள்?"

"பாதி கோபம்" என்றேன். அவர் வீட்டு மாமி பாயசம் கொண்டுவந்ததால் மீதிப் பாதியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அங்கேயே எழுதி வாங்கிவிட்டேன். நீ பழையபடி வார்டு கவுன்சலர், எலிசாள் சிஸ்டரோடு. ஜெயந்த்தின் பிரிவுக்கு உன்னை மாற்ற முடியாது. அவன் ஒரு வருடம் என் நாற்காலியில் உட்காருவான். அதை நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. முதல் வேலையாக என் அறைக்கு வேறு பெயின்ட் அடிப்பான். உன் வார்டுக்குள் அவன் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால், நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி எது என்று யோசித்து அதை நீ கேள்.

இது தியாகம் என்று யாரிடமும் சொல்லாதே. நான் தனியாள், வீட்டைப் பூட்டினால் முடிந்தது. நன்றி என்று எழுதாதே. அங்கே என்னென்ன வேண்டும் என்று மட்டும் எழுது.

ஜெயலக்ஷ்மி

*

பொன்முடி,
22 ஏப்ரல் 2025

அன்புள்ள சேச்சி,

வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் இந்தக் குளிரில் எப்படி இருப்பீர்கள், இந்த ஆட்களோடு எப்படிப் பேசுவீர்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே பொய்யாக இருந்தது. கிழித்துவிட்டேன். வாருங்கள். எனக்கு என் பிள்ளையிடம் போக வேண்டும்.

நன்றி எழுதவில்லை.

கம்பளி இரண்டு. கெரோசின் அடுப்பு இருக்கிறது, திரி மாற்ற வேண்டும். ஜூனில் மழை பிடித்தால் அட்டை ஏறும். பிய்க்காதீர்கள், உப்பு வையுங்கள், தானாக விழும். பெண்கள் கொழுந்து எடை போட்ட பிறகுதான் வருவார்கள், அதுவரை கிளினிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யாரையும் நீங்கள் என்று கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள், அக்கா, அண்ணன் என்றால் போதும். மாமி என்று உங்களைக் கூப்பிடுவார்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள்.

முதல் வாரமே மேல் லயத்திலிருந்து ராஜமணி வருவார். கொழுந்து எடுக்கும் பெண். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் பயந்து, எத்தனை தடவை கேட்டாலும், "நல்லாத் தெரியுது, வெயிலு மட்டுந்தான் கூசுது" என்பார். எழுத்துப் பலகையை மற்றவர்கள் வாசிக்கும்போது கேட்டுக் கற்றுவைத்திருக்கிறார், தடங்கலில்லாமல் சொல்வார். எஸ்டேட் டாக்டர் நம்பிவிட்டார். முதல் மாதம் நானும் நம்பினேன். பிடிவாதக்காரி, ஆனால் பேச்சு அவ்வளவு இனிமையாக இருக்கும், உங்களுக்கும் நம்பத்தான் தோன்றும்.

நம்பாதீர்கள். திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் நம் ஆஸ்பத்திரியில் இல்லை.

கௌசல்யா